மரப்பு விலகும் முன்பு

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சிகிச்சைக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருக்கும் எலும்பு அறுவை மருத்துவர் அவர்களே! வார்டு சிஸ்டர்களே! ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்களே! சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களே! புது முழங்காலோடு வந்திருக்கும் எங்கள் பழைய நோயாளிகளே! முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இத்தனை பேரைக் கொள்ளும் அறை இந்தக் கட்டடத்தில் வேறு இல்லை. அதனால்தான் என்னுடைய பிசியோதெரபி அறையிலேயே இரங்கல் கூட்டம். நான் நிற்பது மேடை இல்லை. மூட்டு மாற்றியவர்கள் ஏறி இறங்கிப் பழகும் மரப்படி. நீங்கள் சாய்ந்து நிற்பவை அவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பிகள். நன்றாகச் சாயலாம், தாங்கும். ஜன்னலோரம், நகராத சைக்கிளின் இருக்கையில் ஒரு படம் வைத்திருக்கிறோம். அவருக்காகத்தான் கூடியிருக்கிறோம்.

மயக்க மருத்துவத் துறையின் தலைவர்! அறைக்கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நம்மில் யாராவது அவரை அப்படி அழைத்திருக்கிறோமா? ஊசியம்மா! நோயாளிகளுக்கும் ஊசியம்மா, நமக்கும் ஊசியம்மா. இயக்குநர்கூட ஒரு விழாவில் வரவேற்புரை சொல்லும்போது வாய்தவறி ஊசியம்மா என்று சொல்லிவிட்டு, பிறகு திருத்துவானேன் என்று அப்படியே விட்டுவிட்டார்.

அந்த ஊசியம்மா இல்லை என்கிறார்கள். போன வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது. இந்தச் செய்தியை நான்தான் பலருக்குப் போனில் சொன்னேன். யாரோ ஒருவருடைய செய்தியைச் சொல்வதுபோல்தான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கினேன். இங்கே யார் அழுதார்கள்? சிஸ்டர், நீங்கள் அழுதீர்களா? இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். நாம் கல்நெஞ்சக்காரர்களா? அவர்மேல் நமக்குப் பிரியம் இல்லையா? இருக்கிறது. இருந்தும் வரவில்லை.

அவர் கணவர், நம் அண்ணனும் அழவில்லை.

என்னைப் புகழ்ந்து பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். புகழ்வேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் நான் இந்தப் படியில் ஏறியது அண்ணனுக்காக. அவர் இந்த அறையை விட்டுப் போவதற்குள் அவரிடம் ஒரு சம்மதம் வாங்கியாக வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

அண்ணன் லிப்ட் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். நம் கட்டடத்து லிப்ட் அவர் பேச்சை மட்டும்தான் கேட்கும் என்பதும் தெரியும். எல்லாக் காரியமும் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, மகளையும் "உனக்கு வேலை இருக்கு, நீ கிளம்பு" என்று ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டு, மறுநாளே கருவிப் பையோடு இங்கே வந்து நின்றார்.

"என்ன அண்ணா, இங்க?"

"லிப்ட் கதவு முட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதுக்கு இன்னைக்கேவா வரணும்?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன். வீட்ல உக்காந்து என்ன பண்றது, சொல்லு?"

நல்லாத்தான் இருந்தார். முகம் தெளிவாக இருந்தது. காவலாளியிடம் கிண்டல்கூடச் செய்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். சற்று நேரம் கழித்து மேல் தளத்துக்குப் போனால், லிப்ட் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே, பெட்டியின் கூரைமேல் நின்று எதையோ முடுக்கிக்கொண்டிருக்கிறார். இடுப்பில் பாதுகாப்புப் பட்டி இல்லை! பட்டி மாட்டாமல் ஒருநாளும் உள்ளே கால் வைக்காதவர். பட்டி மாட்டாத உதவியாளரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். நான் கத்தினேன். அவர் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். "அட, ஆமால்ல" என்றார். அவ்வளவுதான். கீழே அத்தனை ஆழம் திறந்து கிடக்கிறது, அவர் மறுபடி முடுக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

ஊசியம்மா இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக, அவர் இங்கே என்ன வேலை செய்தார் என்று சொல்கிறேன்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது வெளியில் இருப்பவர்களுக்கு மருத்துவம். உள்ளே நின்று பார்த்தவர்களுக்குத் தச்சு வேலை. வாள் உண்டு, சுத்தியல் உண்டு, துளை போடும் மெஷின் உண்டு. நம் எலும்பு மருத்துவருக்குத் தச்சர் என்று பெயர் வந்ததும் அதனால்தான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். போனை எடுத்தால் அவரே "தச்சர் பேசுறேன்" என்பார். வேலை நடக்கும்போது நோயாளிக்கு எதுவும் தெரியாது, முதுகில் ஊசி போட்டிருக்கும். அது இறங்கிய பிறகுதான் வலி. அறுபட்ட எலும்பும் தைத்த சதையும் சேர்ந்துகொண்டு வலிக்கும். அந்த நிலைமையில் இருக்கிறவரிடம் நான் போய், "எங்க, மடக்குங்க பாப்போம்" என்பேன். மடக்குவாரா? மடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். இறுகிப்போன பிறகு புது மூட்டு இருந்தென்ன, பழைய மூட்டு இருந்தென்ன? அதனால் நான் விடமாட்டேன். அவர்கள் அலறுவார்கள். வில்லன் என்று எனக்குப் பெயர் வைத்தது வேறு யாருமல்ல, இங்கே உட்கார்ந்திருக்கும் பழைய நோயாளிகள்தான்.

ஊசியம்மா வருவதற்கு முன் வலிக்கு என்ன செய்தோம்? வீரியமான மருந்தை ரத்தத்தில் ஏற்றுவோம். வலி குறையும். கூடவே ஆளும் குறைந்துவிடுவார். வாந்தி எடுப்பார், தலை சுற்றும், பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்த்து "நீங்க யாரு, எந்த வார்டு?" என்பார். ஊசியம்மா வந்தார். "வலிக்கிறது முழங்காலு. அதுக்கு எதுக்கு முழு மனுஷனையும் மயக்குறீங்க?" என்று கேட்டார். தொடையில் நரம்பு போகும் வழியை ஸ்கேனில் பார்த்து, அதன் பக்கத்தில் மரப்பு மருந்தை மெல்ல இறக்குவார். கால் மட்டும் மரத்துவிடும், ஆள் தெளிவாக இருப்பார். ஒரு பெரியவர் தன் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது என் காலுதானா, இல்ல பக்கத்து பெட்டுக்காரரோடதா?" என்றார். "அவர்கிட்டயே கேளுங்க. அவரும் உங்க மேலதான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்காரு" என்றார் ஊசியம்மா.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். தச்சர் கையைக் கழுவிக்கொண்டு நிற்பார். "நீங்க ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் நான் என்ன, பாட்டா பாடுறது?" என்று ஒருநாள் சத்தம் போட்டார். "பாடுங்களேன். பேஷன்ட் முழிச்சுதான் இருக்காரு, எப்படி இருக்குன்னு சொல்லிடுவாரு" என்றார் ஊசியம்மா, ஸ்கேனிலிருந்து கண்ணை எடுக்காமல். தச்சர் பாடவில்லை. இந்த மருத்துவமனை தப்பித்தது.

இவ்வளவு ஊசி போட்டவருக்கு ஊசி என்றால் பயம் என்பது தெரியுமா உங்களுக்கு? ஊழியர்களுக்குத் தடுப்பூசி போடும் நாளில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருமுறை என் அறையில், இதோ அந்தத் திரைக்குப் பின்னால், மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் வந்து கேட்டபோது நான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவர், கனத்த உடம்பு, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர். அந்தக் காலத்தில் ஊசியம்மா தொடைக்கு மேலே, இடுப்பு மடிப்புக்குக் கிட்டத்தில் ஊசி போடுவார். வலி சுத்தமாகப் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் போட்டால் தொடைச் சதையின் பலமும் சேர்ந்து போய்விடும். தனியாக எழுந்திருக்கக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லித்தான் இருந்தார்கள். மறுநாள் காலை அவர் கண் விழித்தார். வலி இல்லை. காலைப் பார்த்தார், கட்டுப் போட்டபடி நன்றாக இருந்தது. சிஸ்டரை எதற்குக் கூப்பிடுவானேன் என்று தானே எழுந்து குளியலறைக்குப் போகக் காலை ஊன்றினார். கால் அப்படியே மடிந்தது.

நாங்கள் ஓடினோம். தரையில் கிடந்தார். அவர் முகத்தில் வலியே இல்லை, திகைப்புதான் இருந்தது. "நல்லாத்தானே இருந்துச்சு? வலியே இல்லையே? அதான் எந்திரிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தையல் பிரிந்து, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டோம். "சொல்லச் சொல்லக் கேக்காம எந்திரிச்சது அவர் தப்பு" என்று ஒருவர் ஆரம்பித்தார். யார் என்று சொல்ல மாட்டேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். ஊசியம்மா அவரை முடிக்க விடவில்லை.

"வலி இல்லேன்னா மனுஷன் எந்திரிக்கத்தான் செய்வான். அதுல என்ன தப்பு? வலியை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு ஆளை நிறுத்தாமப் போனது நானு. அதை எழுதிக்கோங்க."

யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்? அத்தனை பேர் முன்னால், ஒரு துறையின் தலைவர், அவரைக் காப்பாற்ற ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே! அந்த டிரைவர் இன்று வந்திருக்கிறார். முன்வரிசையை ஒட்டி, கதவோரம் நிற்கிறார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. இப்போதும் அவர் யார் சொல்வதையும் கேட்பதில்லை.

அதன் பிறகுதான் எல்லாம் மாறியது. ஊசி போடும் இடத்தைத் தொடையின் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றினார். அங்கே போட்டால் வலி போகும், சதையின் பலம் பெரும்பாலும் நிற்கும். தையல் போடுவதற்கு முன் மூட்டைச் சுற்றியும் அதன் பின்பக்கமும் மருந்து செலுத்த வேண்டும் என்று தச்சரிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் முறை எழும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒருவர்கூட எழக் கூடாது என்றார். நோயாளி நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்னாலும் சரி. அப்படிச் சொன்னால் இன்னும் பக்கத்தில் நில்லுங்கள் என்றார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்கினால் வார்டு சிஸ்டர் என்னைச் சும்மா விடமாட்டார். மரப்பு மருந்து நிரந்தரம் இல்லை. காலையில் போட்டது பொழுது சாயும்போதோ அதற்குப் பிறகோ விலகத் தொடங்கும். அதுவரை நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். விலகியதும் அத்தனை வலியும் மொத்தமாக வந்து இறங்கும். அதனால் வலி இல்லாதபோதே வலி மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும். இதை நம் ஆட்களுக்குப் புரியவைக்க ஊசியம்மா பட்ட பாடு கொஞ்சமா?

"அவரு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காரு டாக்டர். வலியே இல்லேங்கிறாரு. எதுக்கு மாத்திரை?" இது சிஸ்டர்.

"சிரிக்கிறாருல்ல? அதான் இப்பவே குடுங்கங்கிறேன். அழ ஆரம்பிச்சப்புறம் குடுத்தா நம்மளால பிடிக்க முடியாது."

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் கையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சோடு படுக்கை படுக்கையாகப் போவார். காலில் ஒற்றி எடுத்து, "சில்லுன்னு இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்றால் அடுத்த படுக்கை. லேசாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் போச்சு, மரப்பு விலகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நோயாளிகளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "இது விலகும். விலகும்போது நல்லா வலிக்கும். நான் இருப்பேன்" என்பார். எத்தனை பேர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கியிருக்கிறார்கள்! நான் வில்லனாக இருக்க முடிந்ததே எனக்கு முன்னால் அவர் போய்விட்டு வந்திருந்ததால்தான்.

அண்ணனை அவர் சந்தித்ததும் இந்தக் கட்டடத்து லிப்டில்தான். ஊசியம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். முழங்கால் அறுவை முடிந்த ஒரு நோயாளியோடு அவர் ஏறிய லிப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. வெளியே மெக்கானிக் கதவை நெம்பிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து குரல் வருகிறது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"கொஞ்ச நேரம்தாம்மா."

"கொஞ்ச நேரம்னா? இவருக்கு மருந்து விலக ஆரம்பிச்சுடும். எனக்குச் சரியாச் சொல்லணும்."

"டாக்டர், நீங்க என்னை விரட்டினா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. உங்க பேஷன்ட்டைக் கவனிங்க, என் லிப்டை நான் கவனிச்சுக்கிறேன்!"

கதவு திறந்தது. வெளியே வந்த ஊசியம்மா நன்றி சொல்வதற்குப் பதில் அரைமணி நேரம் சண்டை போட்டார் என்று கேள்வி. அந்தச் சண்டையைத்தான் கல்யாணம் செய்துகொண்டு வீட்டிலும் தொடர்ந்தார்கள். கடைசிவரை அவர் இவரை மெக்கானிக் என்றும், இவர் அவரை டாக்டர் என்றும்தான் அழைத்தார்கள். நாங்கள் வீட்டுக்குப் போனால் ஊசியம்மா சொல்வார், "மெக்கானிக்குக்கு எல்லாம் லேட்டாத்தான் உறைக்கும். ஜோக் சொன்னாக்கூட மறுநாள்தான் சிரிப்பாரு." அண்ணன் டீயை நீட்டுவார்.

நேற்று அண்ணனின் மகளோடு பேசினேன். "மாமா, அப்பா அழவே இல்ல. என்னைப் போகச் சொன்னாரு, நானும் கிளம்பி வந்துட்டேன். எனக்கும் ஒண்ணும் வரல மாமா. ரயில்ல உக்காந்து புஸ்தகம் படிச்சேன். நாங்க என்ன மனுஷங்களோ!" என்றார். "இல்லம்மா, நீங்க நல்ல மனுஷங்கதான்" என்றேன். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். இந்தக் கூட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஊசியம்மா போகிற போக்கில் ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. விலகும் என்று எனக்குத் தெரியும். எப்போது என்று தெரியவில்லை. அவர் கையால் போட்ட நிஜ ஊசியென்றால், கேட்டால் சொல்லிவிடுவார், இன்ன நேரத்தில் விலகும் என்று. இதை யாரிடம் போய்க் கேட்பது?

தெரியாதபோது என்ன செய்வது? பக்கத்தில் இருப்பது. அவர் இருந்தால் வேறென்ன சொல்லியிருக்கப் போகிறார்?

பெரியோர்களே! இப்படிப்பட்ட கூட்டங்களில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுப்பது வழக்கம். சிலை வைப்போம், அறைக்குப் பெயர் வைப்போம் என்பார்கள். பெயர் வைப்பதை இயக்குநர் அவர்கள் பார்த்துக்கொள்வார். ஊசி போடும் வேலையை, அவர் பழக்கிவிட்டுப் போன மயக்க மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாலையில் பஞ்சோடு போகிற வேலையையும் சேர்த்துத்தான், அதில் ஒருநாள் தவறினாலும் சிஸ்டர் என்னிடம் சொல்லுங்கள். நான் வேறு ஓர் உறுதிமொழி எடுக்கிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து எடுங்கள்.

அண்ணா, நாளைக்கு மறுபடி வந்து அந்தக் கதவை முடித்துவிடுகிறேன் என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறீர்களாம். வேண்டாம். லிப்டைப் பூட்டிவிட்டோம். வேறு மெக்கானிக் வருகிறவரை நாங்கள் படியேறிக்கொள்கிறோம், முழங்காலுக்கு நல்லதுதான். நடக்க முடியாத நோயாளிகளைப் பின்கட்டு லிப்டில் கொண்டுபோகிறோம். உங்களைத் துறை சார்பாகக் கேட்கவில்லை, நிர்வாகம் சார்பாகவும் கேட்கவில்லை. அந்தக் கூரைமேல் உங்களை அப்படிப் பார்த்தவன் என்கிற முறையில் கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு எந்த லிப்டுக்குள்ளும் இறங்காதீர்கள். மகளுக்குச் சொல்லிவிட்டேன், கிளம்பி வந்துகொண்டிருக்கிறார். அவர் வரும்வரை இன்று மாலை உங்கள் வீட்டில் தச்சர் இருப்பார். நாளை சிஸ்டரும் அவர் கணவரும். அதற்கடுத்து நான். மகள் வந்த பிறகும் வருவோம். நீங்கள் கூப்பிட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் கூப்பிடாமலே வருவோம். பேச வேண்டியதில்லை, உபசரிக்க வேண்டியதில்லை, டீயை நாங்களே போட்டுக்கொள்வோம். உங்களுக்கு ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறீர்கள் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். நாங்கள் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

இதற்கு ஒரு சம்மதம் கொடுத்தால் போதும். வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

என்ன அண்ணா? மைக் சத்தம் போடுதா? அது கிடக்கட்டும், நான் கத்திப் பேசிக்கிறேன். விடுங்கண்ணா, அதைச் சரி பண்ண வேணாம்...

அண்ணா! எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காருங்க. டிரைவர், நீங்க பக்கத்துல இருக்கீங்க, அவர் தோளைப் பிடிச்சுக்கோங்க. விழ விடாதீங்க.

அழட்டும். ஒண்ணும் சொல்லாதீங்க, அழட்டும்.

நான் இறங்கி வர்றேன்.